டெபாசிட் என்று சொல்லி அப்பாவிடம் ஆயுள் காப்பீடு விற்றுவிட்டார்கள்: ஐஆர்டிஏஐக்கு எழுதினால் பணம் வருமா?

சிவகங்கைக்காரன்:
அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 62. முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனவரிடம், "இதில் வட்டி ஜாஸ்தி சார்" என்று வேறொரு படிவத்தில் கையெழுத்து வாங்கி 2 லட்ச ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். சரிபார்க்கப் போன் வரும், என்ன கேட்டாலும் 'ஆமாம்' சொல்லுங்கள் என்று சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் கூரியரில் பாலிசி பத்திரம் வந்த பிறகுதான் தெரிகிறது, வருடா வருடம் 2 லட்சம், 10 வருடம் கட்ட வேண்டுமாம். பென்ஷனில் பாதி இதற்கே போய்விடும். வங்கியில் கேட்டால் "இரண்டு மூன்று வருடம் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஹைதராபாத் ஐஆர்டிஏஐக்கு நேராக எழுதலாமா? அது வெறும் தபால் ஆபீஸ் என்கிறான் நண்பன்.

காரைக்குடி முகவர்:
தம்பி, புகாரெல்லாம் அப்புறம். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக், அதாவது பிடிக்காவிட்டால் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம், இருக்கிறது, பத்திரத்தோடு வந்த கடிதத்திலேயே போட்டிருக்கும். முன்பு நேரில் வாங்கிய பாலிசிக்கு 15 நாள்தான், 2024-ல் எல்லோருக்கும் 30 ஆக்கினார்கள். ஏமாற்றினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. "நிபந்தனைகள் எனக்குச் சம்மதமில்லை, ரத்து செய்யுங்கள்" என்று அப்பா கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும். இத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு, விண்ணப்பம் கிடைத்த 7 நாளில் மீதியைத் திருப்ப வேண்டும்.

கடிதத்தை வங்கியில் கொடுக்காதீர்கள். மேனேஜர் லீவு, சிஸ்டம் வேலை செய்யவில்லை என்று 30 நாளையும் ஓட்டிவிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

தபால் ஆபீஸ் என்பது பாதி சரி. ஐஆர்டிஏஐ உங்கள் வழக்கில் தீர்ப்புச் சொல்லாது. அதன் புகார் தளமான பீமா பரோசாவிலோ 155255 எண்ணிலோ கொடுக்கும் புகாரை நிறுவனத்துக்கே அனுப்பும், ஆனால் பதில் போனதா என்று கணக்கும் வைத்திருக்கும். தீர்ப்பு வேண்டுமென்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார். அவர் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று. வங்கியில் விற்கிறவரும் எங்களைப் போலத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கித்தான் விற்க முடியும். பாலிசி கேட்டு அப்பா கையெழுத்துப் போட்ட முன்மொழிவுப் படிவத்தில் அவர் பெயரும் எண்ணும் இருக்கும், கடிதத்தில் அதையும் எழுதுங்கள். டார்கெட் டார்கெட் என்று விற்றுவிட்டு அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். திட்டு என்னவோ தெருவில் தினம் கண்ணில் படுகிற ஏஜென்ட்டுக்குத்தான்.

ராம்நாடு வாசகர்:
ஏஜென்ட்டுகள் மட்டும் என்ன யோக்கியமா அக்கா? எனக்குப் பாலிசி போட்டவர் முதல் பிரீமியத்தில் கால்வாசியைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு லாபம்தான், அது வேறு.

காரைக்குடி முகவர்:
உங்களுக்கு லாபம், என் பிழைப்பில் மண். 1938 காப்பீட்டுச் சட்டம் 41-ஆவது பிரிவில் ஏஜென்ட் தன் கமிஷனை வாடிக்கையாளருக்கு வெட்டிக் கொடுப்பது குற்றம், 10 லட்சம் வரை அபராதம். வாங்குகிறவருக்கும் அந்தத் தடை உண்டு சார், ஞாபகம் இருக்கட்டும். அப்படி விட்டுக்கொடுத்தவர் கிளெய்ம் நேரத்தில் போன் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கமிஷன். நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இந்தப் பிரிவைப் போலத் துணை வேறில்லை. கிராமம் வரை வந்து இதை யாரும் சோதிப்பதில்லை என்பதுதான் ஐஆர்டிஏஐ மேல் என் வருத்தம்.

சிவகங்கைக்காரன்:
அக்கா, இன்று மதுரைக் கிளைக்குப் போனோம். "வங்கி வழியாக வாங்கியது, அங்கேயே கொடுங்கள்" என்றார்கள். பிறகு ஒருவர் உட்காரவைத்து, ஐந்து வருடமாகக் குறைத்துத் தருகிறோம் என்று பேசினார். அப்பா மசியவில்லை. பீமா பரோசாவில் போடுகிறோம் என்றதும் வாங்கி முத்திரை வைத்துவிட்டார்கள்.

காரைக்குடி முகவர்:
நல்லது. இன்றைக்கே அந்த நகலைப் படம் எடுத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் மெயில் போடுங்கள். வங்கியிலிருந்து அப்பாவுக்குப் போன் வரும், ஓடிபி கேட்டால் சொல்ல வேண்டாம். ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறோம், போனஸ் சேர்த்துப் பணம் வாங்கித் தருகிறோம் என்று எவனாவது கூப்பிட்டாலும் வைத்துவிடச் சொல்லுங்கள். ஐஆர்டிஏஐ யாருக்கும் அப்படிப் போன் செய்வதில்லை.