பென் ரைலி பார்க்கர் வீட்டுப் பிள்ளையா, வெறும் நகலா?

நீலமேலங்கி

பென் ரைலி பின்னாளில் எடுத்த பகைவன் வேடமான காஸம் பற்றிய சென்ற வாரத்து இழையில் அசல்பிரதி அவர்கள் போகிற போக்கில் ஒரு வரியை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்: "பென் ரைலி பீட்டர் பார்க்கரின் நகல், நகலுக்குப் பெரியம்மா கிடையாது." அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியின் மரணத்தால் புத்தி பேதலித்த பேராசிரியர் மைல்ஸ் வாரன், ஸ்பைடர்மேனாகிய பீட்டரின் உயிரணுவிலிருந்து 1975-இல் உருவாக்கிய குளோன்தான் இந்தப் பென். இறந்துவிட்டான் என்று கைவிடப்பட்டவன், கதைக்கணக்கில் ஐந்து ஆண்டுகளும் வாசகர் கணக்கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் ஊர் ஊராக அலைந்தான். பீட்டரை வளர்த்த பெரியப்பாவின் பெயரையும் பெரியம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துத் தனக்குப் பெயராக வைத்துக்கொண்டான். 1994-இல் மே பெரியம்மா மருத்துவமனையில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், பீட்டர் தன்னை எந்த முகத்தோடு வரவேற்பான் என்பது தெரிந்திருந்தும், நியூயார்க்குக்குத் திரும்பி வந்தான். பெரியம்மா இல்லாதவன் யாரைப் பார்க்க வந்தான் என்பதை அசல்பிரதி அவர்கள் விளக்கட்டும்.

அசல்பிரதி

எழுதியதை மறுக்கும் பழக்கம் எனக்கில்லை. டிசம்பர் 1996 தேதியிட்ட ஸ்பைடர்மேன் 75-ஆம் இதழை நண்பர் எடுத்துப் பார்க்கட்டும். என்னிடம் அதன் முதல் அச்சில் உறை பிரிக்காத பிரதி ஒன்றும், படிப்பதற்கென்று வேறொன்றும் இருக்கின்றன. பகைவன் நார்மன் ஆஸ்போர்னின் பறக்கும் ஊர்தி பீட்டரைக் குறிவைத்து வருகிறது. பென் குறுக்கே விழுந்து அதைத் தன் உடலில் வாங்குகிறான். பீட்டரின் கண்ணெதிரிலேயே பொடியாகிறான். பொடியானது நகல், மிஞ்சியது அசல். அவன் நல்லவனா, தியாகியா என்பது வேறு பேச்சு. மருத்துவமனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்.

மாலைவாசகி

1995 ஜூலையில் வெளிவந்த ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன் 226-ஆம் இதழும் தங்கள் பெட்டியில் இருக்கும் என்று நம்புகிறேன். அதில் அறிவியலாளர் ஸீவர்ட் டிரெய்னர் செய்த சோதனை, பீட்டர்தான் குளோன், பென்தான் அசல் என்று சொல்லிற்று. அதைக் கேட்ட பீட்டர் கருவுற்றிருந்த தன் மனைவி மேரி ஜேனையே அடித்து வீழ்த்தினான் என்பதையும் சேர்த்தே நினைவூட்டுகிறேன், ஏனெனில் அசலைப் போற்றுகிறவர்கள் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம். அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, அச்சிட்ட நிறுவனம் உட்பட எல்லோருக்கும் பென்தான் அசல். அந்த ஒன்றரை ஆண்டில் அவனுக்குப் பெரியம்மா இருந்தாளா, இல்லையா? இருந்தாள் என்றால், அவனுடைய நினைவில் ஒரு துளியும் மாறாதிருக்க, 1996 டிசம்பரில் அவளைப் பறித்தது யார்?

அசல்பிரதி

அம்மையாரின் கேள்வி அழகாக இருக்கிறது. விடை அதைவிட எளிது. டிரெய்னரின் சோதனையை ஆஸ்போர்ன் திரித்துவிட்டான். போலிப் பட்டாவை வைத்துக்கொண்டு ஒருவர் ஒன்றரை ஆண்டு குடியிருந்தார் என்பதற்காக வீடு அவருடையதாகிவிடாது. போலியைப் போலி என்று காட்டியது எது? அந்தப் பொடிதான்.

புகைபோக்கி

எனக்கு ஒரு சிறிய ஐயம். ஷே விளையாட்டரங்கில் குண்டு வெடித்தபின் குளோன் இறந்துவிட்டான் என்று நம்பிய பீட்டர், அவனைத் தூக்கிச் சென்று புகைபோக்கி ஒன்றில் போட்டான் என்பது அமேசிங் ஸ்பைடர்மேன் 151-ஆம் இதழில் இருக்கிறது. அந்த நேரத்தில் பீட்டருக்கே தான் அசலா நகலா என்று தெரியாது. அறிவியலாளர் கர்ட் கானர்ஸ் செய்துகொடுத்த சோதனையின் முடிவை அவன் படிக்காமலேயே எறிந்தான். தான் மேரி ஜேனை நேசிப்பதால் தான் அசலாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டான். ஆக, பீட்டர் தன்னை அசல் என்று நிறுவிக்கொள்ள அன்பு ஒன்றே போதும். பென் பெரியம்மாவின் கட்டிலருகே நிற்பதற்கு மட்டும் ஆய்வுக்கூடச் சான்றும் ஒரு பிடி பொடியும் வேண்டும். இந்த நீதியை வகுத்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு மாலை போடலாம்.

அசல்பிரதி

லயன் காமிக்ஸில் வந்த பிரிட்டிஷ் ஸ்பைடரையும் நமது ஸ்பைடர்மேனையும் ஒரே ஆள் என்று எண்ணிக்கொண்டு இரண்டாண்டுகளுக்கு முன் இங்கே நான்கு பக்கம் எழுதிய பெருமகனார், இன்று இதழ் எண்ணோடு பேசுவது வளர்ச்சியின் அடையாளம், மகிழ்ச்சி. பீட்டரின் முடிவு காதலால் எட்டப்பட்டதாக இருக்கலாம், ஆனால் அது சரியான முடிவு. சரி என்று காட்டியது எது என்பதை நான் மூன்றாம் முறை எழுத வேண்டுமா? எழுதுகிறேன்: 75-ஆம் இதழின் பொடி.

புகைபோக்கி

அந்த நான்கு பக்கத்தில் மூன்றைத் தாங்கள்தான் எழுதினீர்கள்.

கென்ட்பண்ணை

மார்வெல் அன்பர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே குட்டையில் நீந்துகிறீர்கள். கரையேறிச் சற்று எங்கள் டிசி பக்கம் பாருங்கள். சூப்பர்மேனாகிய கிளார்க் கென்ட்டின் குளோனாக 1993-இல் வந்த சூப்பர்பாய்க்கு, கிளார்க்கின் குழந்தைப் பருவ நினைவு எதுவும் கிடையாது. குழாயிலிருந்து பதின்பருவத்தில் வெளியே வந்தவன். 2003-இல் அவனுடைய உயிரணுவில் பாதி லெக்ஸ் லூதருடையது என்றும் ஆக்கிவிட்டார்கள். அப்படிப்பட்டவனுக்கு சூப்பர்மேன் கான்-எல் என்று தன் கிரிப்டன் குலப்பெயரைக் கொடுத்தான். அவன் ஸ்மால்வில் பண்ணையில் கென்ட் தம்பதியரின் வீட்டிலேயே வளர்ந்தான். நினைவும் இல்லை, தூய இரத்தமும் இல்லை, ஆனால் உணவு மேசையில் இடம் இருந்தது. 2010-இல் வந்த யங் ஜஸ்டிஸ் தொடரில் அதே சூப்பர்மேன் அவனைக் கண்டாலே விலகிப்போனதை வைத்து அன்று எத்தனை பேர் சினந்தார்கள்! நகலை வாசலில் நிறுத்தினால் குற்றம் நகலிடம் இல்லை என்பது அத்தொடரைப் பார்த்த சிறுவர்களுக்கும் விளங்கிற்று.

அசல்பிரதி

சூப்பர்பாய் கானர் கென்ட் பொடியாகவில்லை. இந்த இழைக்கும் அவனுக்கும் தொடர்பில்லை.

இலக்கணத்தான்

அவையோர் பொறுத்தருள வேண்டும். ‘குடும்பத்தைச் சேர்ந்தவன்’ என்று சொல்லும்போது உயிரணுவைக் கொள்கிறோமா, நினைவைக் கொள்கிறோமா, வளர்ப்பைக் கொள்கிறோமா, மற்றவர் ஏற்பைக் கொள்கிறோமா என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால், பாதிச் சண்டை தானே தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

அசல்பிரதி

நீலமேலங்கி இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். இதற்கிடையில் அவருடைய வாதத்தை அவருக்காக நானே முழுமையாக எடுத்துவைத்து வீழ்த்திவிடுகிறேன். பென்னிடம் பீட்டரின் நினைவுகள் இருந்தன, குவீன்ஸில் உள்ள அந்த வீடும் பெரியப்பாவின் சாவும் பெரியம்மாவின் கையால் உண்டதும் அவனுக்குள் இருந்தன, ஆகவே அவன் பிள்ளை என்பதுதானே வாதம்? நல்லது. 2021-இல் தொடங்கிய ‘பியாண்ட்’ கதைத்தொடரில், அதே பெயருடைய நிறுவனம் அவனை ஸ்பைடர்மேனாகப் பணியில் அமர்த்தியது. கூடவே அவன் நினைவுகளில் கைவைத்தது. பொறுப்பைப் பற்றிப் பெரியப்பா கற்றுக்கொடுத்த பாடமே அவனுக்குள் இல்லாமல் போயிற்று. 2022-இல் அவன் காஸம் என்ற பகைவனாகி, பீட்டரின் வாழ்க்கையே தனக்கு உரியது என்று கிளம்பினான். நினைவுதான் உறவு என்றால், நினைவு போன அன்றே உறவும் போயிற்று. அசல் மனிதனுக்கு இந்த நிலை வராது; மறதி நோய் வந்தாலும் மகன் மகன்தான். நகலுக்கு நினைவைத் தவிர வேறு ஆதாரமில்லை, அதுவும் இரவல். ஆகவேதான் நான் நினைவை நம்புவதில்லை. பொடியை நம்புகிறேன்.

நீலமேலங்கி

அலுவலகம் போய்வருவதற்குள் வீழ்த்தப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. மறதி வந்தாலும் மகன் மகன்தான் என்று தாங்களே எழுதிவிட்டு, நினைவைத் திருடக் கொடுத்தவனை மட்டும் வீட்டைவிட்டு வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயம்? அவன் நினைவை இழக்கவில்லை. அது அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, மைல்ஸ் வாரன் அவனை மீண்டும் மீண்டும் கொன்று உயிர்ப்பித்ததை 2016-இல் தொடங்கிய ‘குளோன் கான்ஸ்பிரசி’ கதையில் காட்டிவிட்டார்கள். அத்தனை முறை செத்துப் பிழைத்தவனிடம் மிச்சமிருந்ததையும் வழித்து எடுத்தபின், அவன் ஏன் அன்போடு நடந்துகொள்ளவில்லை என்று வியக்கிறோம்.

தங்கள் அருமைப் பொடிக்கு முந்திய பக்கத்தையும் படியுங்கள். உயிர் போகும் நேரத்தில் அவன் பீட்டரிடம் கேட்டது ஒன்றுதான்: பிறக்கப்போகும் உன் மகளிடம் அவளுடைய பென் மாமாவைப் பற்றிச் சொல்.

அசல்பிரதி

நீலமேலங்கி கண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார், இதழைக் கொண்டுவரவில்லை. முதலில், தந்தையின் உடன்பிறப்பு போன்றவன் மாமா ஆவதில்லை, சிற்றப்பா ஆவான்; உறவுமுறையே தெரியாதவர்கள் உறவைப் பற்றி வழக்காட வந்திருக்கிறார்கள். இரண்டாவதாக, அந்தக் குழந்தை உயிரோடு பிறந்ததாக அந்தக் கதை காட்டவில்லை. மூன்றாவதாக, 1995-இல் அமேசிங் 400-ஆம் இதழில் இறந்த மே பெரியம்மாவுக்காகப் பென் அழுதான் என்று இங்கே எவரும் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அன்று இறந்தவள் மேயே அல்லள், ஆஸ்போர்ன் அமர்த்திய ஒரு நடிகை என்று 1998-இல் வெளிப்பட்டுவிட்டது. நகல் ஒருவன் நகல் பெரியம்மாவுக்காக அழுதான், கணக்கு சரியாகிவிட்டது.

மாலைவாசகி

அந்த நடிகையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழுதவன் பீட்டர். தன்னை வளர்த்தவளை அடையாளம் காண அவனுடைய அசல் உயிரணுக்கள் அவனுக்கு உதவவில்லையே! இருவரும் ஒரே நடிகைக்காகத்தான் அழுதார்கள். ஒருவனுக்கு வீட்டுக்குள் நின்று அழ முடிந்தது, மற்றவன் வெளியே தனியாக நின்றான். தாங்கள் எடுத்துக்கொடுத்த சான்று எங்கள் பக்கத்துச் சான்று, நன்றி.

அசல்பிரதி

ஏமாந்த அசலும் அசல்தான். பொடியாகாதவன் அவன்.

புகைபோக்கி

பொடிக்கே வருவோம், வேறு வழியில்லை. கெயின் என்றொருவன் இருக்கிறான். மைல்ஸ் வாரன் பென்னுக்கு முன்பே உருவாக்கிய குளோன், குறைபட்டுப் போனதால் தூக்கியெறியப்பட்டவன், முகமெல்லாம் வடு. 2010-இல் கிராவினாஃப் குடும்பத்தார் பீட்டரைப் பலியிடத் தேடியபோது, பீட்டரின் உடையை அணிந்து அவன் இடத்தில் செத்தவன் அவன். உடல் பொடியாகவில்லை, புதைத்தார்கள். பிறகு எழுந்து வந்தான், உடலும் சீரானது, 2012-இல் ஹூஸ்டன் நகரத்தில் ஸ்கார்லெட் ஸ்பைடர் என்ற பெயரில் தனக்கென்று ஓர் இதழே நடத்தினான். அசல்பிரதி அவர்களின் இலக்கணப்படி பொடியாகாததெல்லாம் அசல். ஆகவே கெயின் பார்க்கர் வீட்டு மூத்த பிள்ளை. இதை ஏற்றுக்கொள்கிறீர்களா?

அசல்பிரதி

பொடியானவன் நகல் என்றேன். நகலெல்லாம் பொடியாகும் என்று எங்கே எழுதினேன்? இந்த வேறுபாடு பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படுவது.

புகைபோக்கி

மூன்று பதிவுக்கு முன், "ஏமாந்த அசலும் அசல்தான். பொடியாகாதவன் அவன்" என்று எழுதியது தாங்கள்தான், பொடியாகாமை அப்போது சான்றாக இருந்தது. நான் படமெடுத்து வைத்துக்கொண்டேன், ஏனெனில் தாங்கள் பதிவைத் திருத்தும் வழக்கமுடையவர்.

அசல்பிரதி

எழுத்துப்பிழை நீக்குவதைத் தவிர நான் எதையும் திருத்தியதில்லை. சென்ற ஆண்டு திருமண இழையில் என்மீது சுமத்தப்பட்ட இந்தப் பழியை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

மாலைவாசகி

திருமணம் என்று தாங்களே தொடங்கியதால் கேட்கிறேன். 2007-இல், குண்டடிபட்டுக் கிடந்த பெரியம்மாவைக் காப்பாற்ற, பீட்டரும் மேரி ஜேனும் தங்கள் திருமணத்தையே மெஃபிஸ்டோ என்னும் சாத்தானிடம் கொடுத்தார்கள். நடந்த உறவு நடக்காததாயிற்று. அதன் நினைவும் போயிற்று. தங்கள் இலக்கணத்தில் பீட்டரும் மேரி ஜேனும் இன்று ஒருவருக்கொருவர் யார்? பொடி எதுவும் விழவில்லையே.

கென்ட்பண்ணை

எங்கள் பக்கத்தில் சாத்தானிடம் யாரும் திருமணத்தை விற்கவில்லை என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

அசல்பிரதி

தாங்கள் உங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கலாம். அம்மையாருக்கு: திருமண இழை மூடப்பட்டது; அங்கே நான் சொன்னதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

இலக்கணத்தான்

வரையறை பற்றி நான் கேட்டது எவர் கண்ணிலும் படவில்லை போலும்.

நீலமேலங்கி

1996-இல் பென் ஸ்பைடர்மேனாக இருந்தபோது தலைமுடிக்கு மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு, டெய்லி கிரைண்ட் என்ற காபிக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடம் பீட்டரின் உறவினன் என்று சொல்லிக்கொண்டான். அந்த நேரத்தில் சோதனைப்படி அவன்தான் அசல். பீட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த வீட்டையும் பெயரையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை; பீட்டரும் மேரி ஜேனும் பிறக்கப்போகும் குழந்தையோடு நிம்மதியாக வாழ போர்ட்லாந்துக்குப் போனபோது, அவர்களுக்கு வழிவிட்டான். அசல் என்ற தகுதி கையிலிருந்தபோது அதைப் பயன்படுத்தாதவனைப் பார்த்து, அந்தத் தகுதி போலியானது என்பதால் நீ வீட்டுக்காரன் இல்லை என்று சொல்கிறார் ஒருவர்.

அசல்பிரதி

கோப்பை கழுவினான் என்பது சரியில்லை, அவன் பரிமாறுபவன். இந்த அளவுக்குத்தான் நண்பர் அந்த இதழ்களைப் படித்திருக்கிறார். நாளை மாலை 75-ஆம் இதழின் கடைசிப் பக்கங்களைக் கட்டம் கட்டமாக விளக்கி எழுதப்போகிறேன். அதுவரை கெயினைப் பற்றியோ, கிரிப்டனைப் பற்றியோ, மெஃபிஸ்டோவைப் பற்றியோ எழுப்பப்படும் எந்தக் கேள்விக்கும் என்னிடமிருந்து பதில் வராது.

புகைபோக்கி

கடைசிப் பக்கங்களை விளக்குவது நல்லது. அப்படியே, க்வென் ஸ்டேசிக்கும் மைல்ஸ் வாரன் ஒரு குளோன் செய்தானே, எண்பதுகளின் பிற்பகுதியில் அவள் குளோனே அல்லள் என்று எழுதிவிட்டுப் பிறகு அதையும் மாற்றினார்களே, அவள் எந்தக் கணக்கில் வருகிறாள் என்பதையும் எழுதுங்கள். அவளும் பொடியானாளா?

அசல்பிரதி

பதில் வராது என்று சொல்லிவிட்டேன். க்வென் பற்றிய அந்த 1988-ஆம் ஆண்டு மலர் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.