செத்தவீட்டில் செபம் பாதியில் நின்றது ஏன்?

உடுவிலான்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தலைமுறையாக அமெரிக்கன் மிஷன், இப்போது சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அக்கா கட்டியது யாழ்ப்பாணத்துக் குருநகரில், கத்தோலிக்கக் குடும்பம். இந்த மாதத் தொடக்கத்தில் அத்தானின் அப்பா மோசம்போய்விட்டார். பெட்டி மூட முன் எல்லோரும் சேர்ந்து ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னோம். தீமையிலிருந்து காத்தருளும் என்று கேட்கும் இடத்தோடு அவர்கள் ஆமென் சொல்லி நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நாலுபேர் மட்டும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்ந்து, கூச்சத்தில் குரல் இறங்கி, கடைசியில் அம்மா மட்டும் கண்ணை மூடியபடி தனியாகச் சொல்லி முடித்தார். திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் எட்டு வயது மருமகன் கேட்டான், "மாமா, யாருடைய செபம் சரி?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே யேசு, ஒரே ஊர், பிறகு ஏன் இத்தனை சபை? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கரையூர் பிள்ளை:
தம்பி, முதலில் உங்கள் குடும்பத்துக்கு என் அனுதாபம். நான் கத்தோலிக்கன். நாங்கள் செபத்தை வெட்டியதாக நினைக்க வேண்டாம், நீங்கள் கூட்டியதாகவும் நாங்கள் நினைக்கவில்லை. இந்தச் செபம் மத்தேயு 6இலும் லூக்கா 11இலும் இருக்கிறது. லூக்காவில் அந்தக் கடைசி வரி இல்லை. மத்தேயுவிலும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, பிந்தியவற்றில்தான் வருகிறது. எங்கள் திருச்சபை நூற்றாண்டுக்கணக்காக வாசித்த இலத்தீன் வேதாகமத்திலும் இல்லை. 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் பாடத்தில் அது இருந்தது, எங்களை விட்டுப் பிரிந்த சீர்திருத்தக்காரர் அதைப் பார்த்து மொழிபெயர்த்தார்கள், அப்படியே உங்கள் அம்மாவின் வேதாகமம் வரை வந்துவிட்டது. ஆனால் செபத்தை இப்படிப் புகழ்ந்து முடிப்பது ஆதிச் சபைகளிலேயே இருந்த வழக்கம். 1969இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட பூசை முறையில் நாங்களும் அதைச் சொல்கிறோம், நடுவில் பாதர் ஒரு சிறு மன்றாட்டுச் சொன்ன பிறகு. செத்தவீட்டில் அந்த மன்றாட்டு இல்லாததால் ஆமெனோடு நின்றிருக்கும்.

சுண்டுக்குளி ரீச்சர்:
நல்ல விளக்கம். இத்தனை சபை ஏன் என்பதற்கு நான் சொல்கிறேன், முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவள். என்னைக் கேட்டால் எல்லாம் கப்பல் வந்த ஒழுங்குதான். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், கத்தோலிக்கம் ஊன்றியது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், கல்வின் என்ற சீர்திருத்தக்காரரின் வழிச் சபை. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. அந்தக் காலத்தில்தான் 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து ஒளித்து ஒளித்துப் பூசை வைத்தார். 2015இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலம்: 1814இல் மெதடிஸ்டுகள், 1816இல் அமெரிக்கர், 1818இல் அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷன் சங்கமான சி.எம்.எஸ். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அமெரிக்கப் போதகர்களை முதலில் இந்தியாவில் நிலைக்கவிடவில்லை, அதனால்தான் அவர்கள் பார்வை எங்கள் பக்கம் திரும்பியது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் அவர்களுக்கு. நல்லூர், சுண்டுக்குளி சி.எம்.எஸ்ஸுக்கு, பருத்தித்துறை மெதடிஸ்டுக்கு. உங்கள் பூட்டன் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கக்கூடிய தூரத்தில் இருந்தாரோ அதுதான் உங்கள் சபை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. அமெரிக்கன் மிஷன்காரர் கொங்கிரிகேஷனல் வழி, பிஷப்பே கிடையாது, ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னிந்தியாவில் அங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் சேர்ந்தன. இங்கே அமெரிக்கன் மிஷன் வழிச் சபைகள் மட்டும் சேர்ந்து ஒரு பிஷப்பையும் ஏற்றுக்கொண்டன. எங்கள் அங்கிலிக்கன் ஆட்கள் கொழும்பு மறைமாவட்டத்தோடேயே நின்றுவிட்டோம்.

வடமராட்சி மெதடிஸ்ட்:
ரீச்சர் சொன்ன வருடங்கள் எல்லாம் சரி, ஆனால் கப்பல் ஒழுங்கு மட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்தக் கப்பல்கள் புறப்பட முன்பே ஐரோப்பாவில் மனிதர் உயிரைக் கொடுத்துச் சண்டை பிடித்த கேள்விகள் இவை. 1529இல் மார்புர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்கிலியும் நற்கருணை, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் வழிபாடு, பற்றிக் கதைக்க உட்கார்ந்தார்கள், இரண்டுபேரும் றோமை, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையை, விட்டு வந்தவர்கள்தான். லூத்தர் மேசையில் சோக்கட்டியால் "இது என் சரீரம்" என்று எழுதிவைத்துக்கொண்டு, சொன்னது சொன்னபடிதான் என்று நின்றார். ஸ்விங்கிலி அது அடையாளம் என்றார். ஒத்துவரவில்லை. கத்தோலிக்கருக்கு அப்பம் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது. அதனால்தான் குருநகர் பூசையில் உங்கள் அம்மாவை நற்கருணைக்கு அழைக்கமாட்டார்கள், அவர்களுக்கு உங்களில் வெறுப்பு என்று எடுக்கக்கூடாது. விசுவாசத்தால் மனிதர் கடவுள் முன் நீதிமானாவது பற்றி லூத்தரன்களும் றோமும் 1999இல் உடன்பட்டார்கள், 2006இல் நாங்கள் மெதடிஸ்டுகளும் சேர்ந்தோம். நற்கருணை மேசை மட்டும் இன்னும் தனித்தனி. எனக்கு அது நோகிறது, மறைக்கவில்லை.

உடுவிலான்:
மூவருக்கும் நன்றி. 31ஆம் நாள் பூசை வருகிற சனிக்கிழமை. நற்கருணை விஷயத்தை அம்மாவிடம் இன்றிரவே சொல்லிவைக்கிறேன், அங்கே போய் வாங்கில் இருந்து யோசிக்கவேண்டாம். பாதர் அந்த மன்றாட்டை முடித்தவுடன் மருமகனின் தோளில் தட்டப்போகிறேன், அந்தக் கடைசி வரியை அவர்களும் சொல்வதை அவனே காதால் கேட்கட்டும்.