நம்ம வீடு தருமபுரி: ஞாயிறு, கடைசி ரவுண்டு

அப்பா, 11:12
கிருஷ்ணகிரி மண்டபத்தில் சின்னவனின் செஸ் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, நான் வெளியே வேப்பமரத்தடியில்.

அத்தை
எதிரில் யார் அண்ணா?

அப்பா
ஓசூரில் வேலைக்குப் போகிறவர். ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் 1880. நம்ம ஆள் 1480.

பெரியப்பா
400 வித்தியாசமா! சரி, சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

அக்கா
இப்படிப் பேசாதீர்கள் பெரியப்பா. உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே கணக்குப்படி, இந்த வித்தியாசத்திலும் 100 ஆட்டத்துக்கு 8 பாயிண்ட் (ஜெயித்தால் 1, டிராவுக்கு அரை) அவனுக்கும் உண்டு.

அத்தை
நான் களி கிண்ட ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா, 2:05
கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரெண்டு சிப்பாய் குறைவு. காதைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

தாத்தா
காதைத் திருகினால் யோசிக்கிறான். பயந்தால் நகம் கடிப்பான்.

அப்பா, 2:51
டிரா!!!

பெரியப்பா
ஜெயிக்கவில்லையா?

அப்பா
முடிவைக் கேளுங்கள் அண்ணா. அவரிடம் பிஷப், ஜி வரிசைச் சிப்பாய், ஓரத்து எச் வரிசைச் சிப்பாய். இவனிடம் ஒற்றைக் குதிரை. அந்தக் குதிரையைக் கொடுத்து ஜி சிப்பாயை எடுத்துவிட்டு, ராஜாவை எச்8 மூலைக்கு ஓட்டிவிட்டான்.

பெரியப்பா
குதிரையும் போச்சு. ஒரு பிஷப், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டா அவரால் முடிக்க முடியவில்லை?

அக்கா
அவருடைய எச் சிப்பாய் ராணியாக மாற எச்8-க்குத்தான் போகவேண்டும், அது கறுப்புக் கட்டம். அவருடைய பிஷப் வெள்ளைக் கட்டத்திலேயே ஓடுவது. மூலையில் இருக்கும் ராஜாவை அதால் கிளப்பவே முடியாது. ரொம்ப நெருக்கினால் செக்கும் இருக்காது, நகர இடமும் இருக்காது. ஸ்டேல்மேட், அதாவது டிரா.

தாத்தா
பிஷப் என்ன பிஷப், மந்திரி என்று சொல். நாங்கள் திண்ணையில் ஆடியபோது சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். ஆட்டம் விளக்கு வைக்கும்வரை இழுக்கும்.

அக்கா
18 வயதுக்குள் என்பதால் இவனுக்குக் கே, அதாவது ரேட்டிங் கணக்கின் பெருக்கல் எண், 40. டிராவின் அரைப் பாயிண்டில் எதிர்பார்த்த 0.08 போக மீதி 0.42, அதை 40 ஆல் பெருக்கினால் 16.8 ரேட்டிங் ஏறும்.

பெரியப்பா
அது என்ன புள்ளி எட்டு, பால் பாக்கி மாதிரி?

அப்பா
சின்னவன் பேசவேண்டுமாம். போனைக் கொடுக்கிறேன்.

அப்பா
பெரியப்பா நான்தான். கை கொடுத்துவிட்டு அந்த அண்ணா, குதிரையைக் கொடுப்பதை எப்போது யோசித்தாய் என்று கேட்டார். ரொம்ப முன்னாடியே என்று சொல்லிவிட்டேன். உண்மையில் வேறு வழி இல்லாமல்தான் கொடுத்தேன், மூலை அப்புறம்தான் கண்ணில் பட்டது.

தாத்தா
அவரிடம் சொல்லாதே.

அத்தை
களி கல்லாகிவிட்டது. காவேரிப்பட்டணம் தாண்டும்போது போன் செய்யுங்கள், மறுபடி கிண்டுகிறேன்.