எண்டூரன்ஸ் மூழ்கிய இடத்தை வோர்ஸ்லி எப்படிக் கணக்கிட்டார்?

சாட்ஸ்வொர்த் டீச்சர்:
தமிழ் வகுப்பில், அண்டார்க்டிக் பனியில் சிக்கி மூழ்கிய ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் கேப்டவுனிலிருந்து போன எஸ்.ஏ. அகுலாஸ் 2 என்ற கப்பல் 2022 மார்ச்சில் அதை வெடெல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. 1915-இல் கேப்டன் வோர்ஸ்லி குறித்துவைத்த இடத்திலிருந்து சுமார் 4 மைல்தான் தள்ளி! ஒரு பையன் கேட்டான்: சூரியனின் உயரத்தைக் கோணமாக அளக்கும் செக்ஸ்டன்ட் கருவிக்குத் தொடுவானம் வேண்டுமே, சுற்றிலும் பனிமேடாக இருந்தால் எதை வைத்து அளப்பார்கள்?

டர்பன் மாலுமி:
நல்ல கேள்வி, டீச்சர். தட்டில் பாதரசம் ஊற்றுவார்கள். அது தானாகவே மட்டமாகிக் கண்ணாடியாக நிற்கும். வானத்துச் சூரியனையும் தட்டில் தெரியும் சூரியனையும் செக்ஸ்டன்ட்டில் ஒன்றோடொன்று பொருத்தினால் கிடைப்பது இரட்டைக் கோணம். அதில் பாதிதான் சூரியனின் உயரம். 1911 டிசம்பரில் தென் துருவத்தில் அமுண்ட்சென் ஆட்கள் இப்படித்தான் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின் அங்கே போன ஸ்காட் குழு, தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்திருந்தது. அதற்கு ரசமட்டம் போதும்.

ஆனால் வோர்ஸ்லியின் பெரிய கவலை கடிகாரம். நண்பகல் சூரியன் அட்சரேகையைக் கொடுத்துவிடும். தீர்க்கரேகைக்கு, உள்ளூர் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, கிரீன்விச் நேரம் வேண்டும். 4 நொடி பிசகினால் பூமத்தியரேகையில் ஒரு கடல் மைல் தவறு; அவர்கள் இருந்த இடத்தில் சுமார் 670 மீட்டர்.

மாரிட்ஸ்பர்க் தம்பி:
அண்ணா, மாதக்கணக்கில் பனியில் சிக்கியிருந்தவர்களுக்குக் கடிகாரம் சரியா என்று எப்படித் தெரியும்?

டர்பன் மாலுமி:
நிலவுதான் சொன்னது, தம்பி. நிலவு நகர்ந்து ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைப் பஞ்சாங்கக் கணக்கால் கிரீன்விச் நேரமாக மாற்றலாம். 1915 குளிர்கால இருட்டில், இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் வோர்ஸ்லியும் அந்த மறைவுகளைப் பார்த்து குரோனோமீட்டரின் (கப்பலின் துல்லியக் கடிகாரத்தின்) பிசகைத் திருத்தினார்கள். அந்தக் குளிரில், விரல் விறைக்க, தொலைநோக்கியில் கண் வைத்துக் காத்திருந்த அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். கப்பல் நவம்பர் 21-இல் மூழ்கியபோது அவர்கள் கையில் நம்பக்கூடிய நேரம் இருந்தது.

சாட்ஸ்வொர்த் டீச்சர்:
நன்றி அண்ணா! பிள்ளைகளை வைத்துச் செய்து பார்க்கலாமா?

டர்பன் மாலுமி:
தாராளமாக. பாதரசம் வேண்டவே வேண்டாம், விஷம். அகலத் தட்டில் பழைய என்ஜின் எண்ணெய் ஊற்றி, காற்றுபடாத இடத்தில் வையுங்கள். செக்ஸ்டன்ட்டின் கறுப்புக் கண்ணாடிகளை இரண்டு பக்கமும் போட்ட பிறகுதான் கண் வைக்க வேண்டும். தட்டில் தெரியும் சூரியனையும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. ஜூன் கடைசியில் டர்பனில் நண்பகல் சூரியன் வடக்கே சுமார் 37 டிகிரியில் நிற்கும், தட்டில் 74 வரும். டிசம்பரில் முயலாதீர்கள்: சூரியன் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடும், இரட்டைக் கோணம் 160-ஐத் தாண்டும், செக்ஸ்டன்ட்டின் அளவுகோல் அவ்வளவு தூரம் போகாது.