கண்ணாடித் துண்டு உடைந்த நாள்

2021 நவம்பர் 29, அதிகாலை நான்கேகால் மணியளவில் கட்டில் ஆடியது. வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கிலோமீட்டரில் 3.6 அளவு நில அதிர்வு என்று பிறகு செய்தி வந்தது. சிறிய அதிர்வுதான். ஆனால் அந்த மாதம் பெய்த மழையில் பேரணாம்பட்டுப் பக்கம் எங்கள் ஊர்ச் சிற்றாலயத்தின் பழைய சுவர்கள் ஊறிப்போயிருந்தன. பீடத்துக்கு மேலுள்ள செங்கல் வளைவில், ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு விரிசல்.

கிறிஸ்துமசுக்குள் சிமெண்ட் வைத்து அடைத்து, வெள்ளையடித்துவிட வேண்டும் என்றுதான் சபைக் கூட்டத்தில் நானும் பேசினேன். குடியாத்தத்திலிருந்து வந்த வயதான கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. "விரிசல் நின்றுவிட்டதா, இன்னும் ஓடுகிறதா என்று தெரியாமல் கரண்டியைத் தொடமாட்டேன் தம்பி" என்றார். வளைவுக்கு அடியில் சவுக்குக் கம்பங்களால் முட்டுக் கொடுத்தார். விரிசலின் குறுக்கே மூன்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதினார். எனக்குக் கோபம்தான் வந்தது.

டிசம்பர் 23 பிற்பகல் மறுபடியும் நிலம் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுத் துண்டு இரண்டாகத் தெறித்திருந்தது; விரிசல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த இடத்தில் சிமெண்ட் அடைத்திருந்தால், அது விட்டுக்கொடுக்காமல் பக்கத்துச் செங்கல்லை உடைத்திருக்கும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஆராதனை வெளியே பந்தலில் நடந்தது.

சிமெண்ட் ஏன் ஆகாது என்பதைத் தெற்குச் சுவரில் காட்டினார். எப்போதோ யாரோ பூசிய சிமெண்ட் பூச்சைத் தட்டினார். பலகைபோலக் கழன்று விழுந்தது. பின்னால் இருந்த செங்கல் விரலால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்றிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சற்று அசைவையும் தாங்கும்.

மழையும் அதிர்வும் ஓய்ந்து, புதிதாக ஒட்டிய துண்டுகள் உடையாமல் நின்ற பிறகே வேலை தொடங்கியது. சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுச் சாந்து தயாரித்தார்கள். வளாகம் முழுவதும் அந்தத் துவர்ப்பு வாசனை. வளைவின் உச்சியில் உடைந்த செங்கற்களை மட்டும் மாற்றி, விரிசலைக் கழுவி, சாந்தை உள்ளே திணித்து, பல நாட்கள் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தார்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கி மெல்லத்தான் இறுகும். அவசரப்பட்டு உலர்த்தினால் மறுபடியும் வெடிக்கும்.

நம் பக்கத்தில் பழைய ஆலயம் வைத்திருக்கும் சபைகளைக் கெஞ்சிக் கேட்கிறேன்: விரிசலைப் பார்த்ததும் சிமெண்ட் மூட்டை வாங்காதீர்கள். முதலில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள்.

எங்கள் வளைவில் இப்போதும் மூன்று துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறேன். இதுவரை முழுதாக இருக்கின்றன.