நிப்பர்ஸ் நடத்துபவர்களே, ஒரு யோசனை வேண்டும்

சிட்னியில் ஞாயிறு காலை நடக்கும் நிப்பர்ஸில் (கடற்கரை உயிர்காப்பு கிளப்கள் பிள்ளைகளுக்கு நடத்தும் பயிற்சி) அண்டர் 8 பிள்ளைகளுக்கு நான் ஏஜ் மேனேஜர், அதாவது அந்த வயதுக் குழுவின் பொறுப்பாளர். அக்டோபரில் சீசன் தொடங்கியதிலிருந்து ஒரே சிக்கல். பீச் ஃபிளாக்ஸ் என்றால் பிள்ளைகளுக்கு உயிர்: குப்புறப் படுத்து, விசில் கேட்டதும் திரும்பி ஓடி, மணலில் நட்ட ரப்பர் குழாய்த் துண்டைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். அதுதான் கொடி; பிள்ளைகளைவிடக் கொடிகள் குறைவு, கிடைக்காதவர் வெளியே. ஆனால் முதல் சுற்றிலேயே தோற்கிற குழந்தை ஓரமாக உட்கார்ந்து மணலைத் தோண்டுகிறது. சிலர் மறுவாரம் வருவதே இல்லை.

சிறு குழுக்களாகப் பிரித்தேன். உதவிக்கு வரும் பெற்றோர் போதவில்லை. கொடிகளைக் கூட்டினேன்; விறுவிறுப்பே போய்விட்டது. சரி, தோற்றவர்களை அலைப்பலகைப் பக்கம் அனுப்பலாமென்றால், புரோன்ஸ் மெடாலியன் என்ற உயிர்காப்புப் பயிற்சியை முடித்தவர்கள் எல்லாரும் பெரிய பிள்ளைகளோடு தண்ணீரில் இருக்கிறார்கள்.

யாரையும் வெளியேற்றாமல், இரண்டே பெரியவர்களை வைத்து மணலில் நடத்தக்கூடிய கொடி விளையாட்டு ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?