தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா: தாள்கள் எங்கே சிக்குகின்றன

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருபவர்களின் விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல. பணம் வங்கியில் கிடந்த தேதிகள் பொருந்தாததால்தான். 50 வயது நிறைந்திருக்க வேண்டும், தாய் வங்கிக் கணக்கில் 8 லட்சம் பாட் வேண்டும் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிகிறது. 2019-இல் வந்த விதியைத்தான் பலர் பாதியாகப் படித்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் முழுத்தொகையும் கணக்கில் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் 3 மாதம் அதைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் அடுத்த நீட்டிப்பு (தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நீட்டி வாங்குவது) வரை 4 லட்சத்துக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது.

உதாரணமாக, உங்கள் தங்கும் அனுமதி செப்டம்பர் 30-இல் முடிகிறது, செப்டம்பர் 5 அன்று விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 5-க்குள் 8 லட்சம் உள்ளே வந்திருக்க வேண்டும். டிசம்பர் கடைசி வரை அதில் கை வைக்காதீர்கள். கணக்குப்படி டிசம்பர் 5 போதும் என்றாலும், குடிநுழைவு அதிகாரி எந்த நாளிலிருந்து எண்ணுவார் என்ற வாக்குவாதத்துக்கு இடம் வைக்க வேண்டாம். ஜனவரி முதல் ஜூன் வரை 4 லட்சம் வரை எடுத்துப் புழங்கலாம். ஜூலை பிறக்கும்போது மறுபடி 8 லட்சம் நிரம்பியிருக்க வேண்டும்.

சரியாக 8,00,000 மட்டும் போட்டு வைப்பது ஆபத்து. டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணமாகச் சில நூறு பாட் தானாகக் கழிந்தால் கணக்கு 7,99,000 சொச்சத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு வரி போதும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப. 8,20,000 போட்டு வையுங்கள். முடிந்தால் இந்தப் பணத்துக்கென்றே தனிக் கணக்கு, அதற்குக் கார்டே வேண்டாம். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கட்டும். கூட்டுக் கணக்கை ஏற்காத அலுவலகங்கள் உண்டு.

---

மேலே சொன்னதோடு வங்கித் தாள்களைப் பற்றியும் சேர்த்துவிடுகிறேன். வங்கிக் கடிதம், 12 மாத ஸ்டேட்மென்ட், பாஸ்புக் நகல் மூன்றும் ஒரே இருப்பைக் காட்ட வேண்டும். கடிதத்தை விண்ணப்பிக்கும் நாளன்று காலையில் வாங்குவதே பத்திரம். அன்றே அந்தக் கணக்கில் 100 பாட் போட்டு, பாஸ்புக்கில் அச்சடித்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் அன்றைய தேதி இருந்தால்தான் பாஸ்புக் புதுப்பிக்கப்பட்டதாகக் கணக்கு. 12 மாத ஸ்டேட்மென்ட் சில வங்கிகளில் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரும், ஒரு வாரம் ஆகலாம். அதை முன்னதாகக் கேட்டு வையுங்கள்.

மாத வருமான வழியில் போகிறவர்களுக்கு இன்னொரு இடறல். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் வருமானச் சான்றுக் கடிதம் தருவதை நிறுத்தி ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாட்டவர் மாதாமாதம் 65,000 பாட் வெளிநாட்டிலிருந்து வந்ததை வங்கிப் பதிவிலேயே காட்ட வேண்டும். மாதக் கடைசியில் அனுப்பினால், இடையில் விடுமுறை வந்து பணம் அடுத்த மாதம் 1-ஆம் தேதி விழும். ஒரு மாதம் வெறுமையாக, அடுத்த மாதம் இரண்டு வரவாக நிற்கும். ஆண்டுக் கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் அந்த வெறும் மாதத்தை அதிகாரி சுட்டிக்காட்டுவார். 5 முதல் 10-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். நாணய மாற்று விகிதம் சரியும் மாதங்களுக்காக 70,000-க்குக் குறையாமல் அனுப்புவது நல்லது.

வந்த பணம் வெளிநாட்டு வரவாகவே பதிவாக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பாங்காக் பேங்க் பாஸ்புக்கில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்துக்கு எஃப்.டி.டி. என்ற குறியீடு விழும். வைஸ் போன்ற சேவைகள் வழியாக அனுப்பும்போது, உள்ளூர் வங்கி ஒன்றின் மூலம் பணம் கைமாறி வந்தால் சாதாரண உள்நாட்டு வரவாகப் பதியும். முதல் தவணை வந்ததுமே பாஸ்புக்கை அச்சடித்துப் பாருங்கள். குறியீடு தவறாக இருந்தால் அனுப்பும் வழியை அப்போதே மாற்றலாம். பன்னிரண்டு மாதம் கழித்துத் தெரிந்தால் செய்ய ஒன்றுமில்லை.

---

சுற்றுலா நுழைவில் வந்து, உள்ளேயே ஓய்வுக்கால விசாவுக்கு மாறுகிறவர்களுக்கு: சுற்றுலா விசாவில் வந்திருந்தால் டி.எம்.86 படிவம், விசா விலக்கில் (விசா வாங்காமலே நுழையும் சலுகையில்) வந்திருந்தால் டி.எம்.87 படிவம். கட்டணம் 2,000 பாட். படிவத்தை மாற்றி நிரப்பினால் வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். கையில் குறைந்தது 15 நாள் தங்கும் அனுமதி மிச்சம் இருக்க வேண்டும். 21 நாள் கேட்கும் அலுவலகமும் உண்டு. இந்தக் கட்டத்தில் 2 மாதக் காத்திருப்பு தேவையில்லை, ஆனால் 8 லட்சமும் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிச் சான்று தேவை. முதலில் 90 நாள் அனுமதி கிடைக்கும். அதன் கடைசி 30 நாளில் டி.எம்.7 படிவத்தோடு 1,900 பாட் கட்டி ஓராண்டு நீட்டிப்புக் கேட்க வேண்டும். முன்கூட்டி விண்ணப்பித்தால் நாட்கள் வீணாகாது, புது ஆண்டு பழைய அனுமதி முடியும் நாளிலிருந்துதான் தொடங்கும்.

---

ரீ-என்ட்ரி பெர்மிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாடு போய்த் திரும்பினாலும் நீட்டிப்பு நீடிக்க, கிளம்புமுன் வாங்கும் அனுமதி அது. ஓராண்டு நீட்டிப்பு முத்திரை இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் போய் வரலாம் என்று நினைத்து, இது இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், வெளியேறும் அந்த நிமிடமே நீட்டிப்பு செத்துவிடும். திரும்பி வரும்போது நீங்கள் வெறும் சுற்றுலாப் பயணி. 8 லட்சம், 90 நாள், நீட்டிப்பு என்று முழுப் பாதையையும் மறுபடி நடக்க வேண்டும். டி.எம்.8 படிவம், ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். சுவர்ணபூமி விமான நிலையத்தில் புறப்படும் பகுதியிலும் வாங்கலாம். ஆனாலும் நீட்டிப்பு வாங்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடுவதுதான் நிம்மதி. வீட்டில் ஒரு துக்கச் செய்தி வந்து அவசரமாகக் கிளம்பும்போது இது நினைவுக்கு வராது.

திரும்பி வந்ததும், குடிநுழைவுக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் முத்திரையில் உள்ள தேதியைப் படியுங்கள். பழைய நீட்டிப்பு முடியும் தேதி இருக்க வேண்டும். விசா விலக்குக்கான தேதியைப் போட்டிருந்தால், பெர்மிட் பக்கத்தைத் திறந்து காட்டி அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு. 2025 மே 1 முதல் தாளில் நிரப்பும் வருகைப் படிவம் போய் இணையத்தில் நிரப்பும் டி.டி.ஏ.சி. வந்துவிட்டது, வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

---

டி.எம்.30-ம் 90 நாள் அறிக்கையும் ஒன்றல்ல. டி.எம்.30 என்பது வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் தெரிவிப்பது. கடமை உரிமையாளருடையது, ஆனால் ரசீது இல்லையென்றால் கவுண்டரில் தவிப்பது நீங்கள். வாடகை ஒப்பந்தம் போடும்போதே உரிமையாளரின் அடையாள அட்டை நகலும் வீட்டுப் பதிவேட்டின் நகலும், இரண்டிலும் அவர் கையொப்பத்தோடு, வாங்கி வையுங்கள். சாவி கைமாறியபின் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

90 நாள் அறிக்கை என்பது தொடர்ந்து தங்கும் ஒவ்வொரு 90 நாளுக்கும் நீங்கள் முகவரியைத் தெரிவிப்பது, படிவம் டி.எம்.47. கட்டணம் இல்லை. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் கொடுக்கலாம். தாண்டினால் 2,000 பாட் அபராதம். இணையத்தில் என்றால் பின்னால் உள்ள அந்த 7 நாள் சலுகை கிடையாது, கெடுவுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். முதல் அறிக்கை நேரில்தான். நாட்டை விட்டுப் போய் வந்தால் எண்ணிக்கை வந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். இந்த அறிக்கை தங்கும் அனுமதியை ஒரு நாள்கூட நீட்டிக்காது. அந்தச் சீட்டில் உள்ள அடுத்த தேதியை அனுமதித் தேதியாக எண்ணி ஓவர்ஸ்டே (அனுமதி முடிந்தும் தங்குவது) ஆகிறவர்கள் இருக்கிறார்கள். ஓவர்ஸ்டேக்கு நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. ஓவர்ஸ்டே 90 நாளைத் தாண்டினால் தாமாக வெளியேறினாலும் ஓராண்டு நுழைவுத் தடை.

---

ஓ-ஏ விசாவில் (வெளிநாட்டிலுள்ள தாய் தூதரகத்தில் முன்கூட்டியே வாங்கி வரும் ஓய்வுக்கால விசா) வந்தவருக்கு 72 வயது, காப்பீட்டு நிறுவனம் புதுப்பிக்க மறுக்கிறது. வேறு வழி உண்டா?

---

உண்டு ஐயா. காப்பீட்டு நிபந்தனை ஓ-ஏ விசாவோடு ஒட்டியது. 2019 அக்டோபர் 31 முதல் நடப்பில் இருக்கிறது, இப்போது கேட்கும் தொகை 30 லட்சம் பாட் அல்லது 1 லட்சம் டாலர். ஓ விசாவின் (மேலே சொன்ன 90 நாள் அனுமதியில் தொடங்குவது) அடிப்படையில் நீட்டிப்பவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆகவே ஓ-ஏ விசாவின் செல்லுபடிக் காலம் முடிந்தபின், ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் வெளியேறி, வெளியே உள்ள தூதரகத்தில் ஓ விசா வாங்கி வரலாம். அல்லது சுற்றுலாப் பயணியாக வந்து, மேலே சொன்ன டி.எம்.86/87 வழியில் மாறலாம். விசா காலம் இன்னும் இருக்கும்போது வெளியேறித் திரும்பினால் அதே ஓ-ஏ மறுபடி உயிர்பெறும், அதனால் தேதியைப் பார்த்துக் கிளம்பச் சொல்லுங்கள். 8 லட்சத்தை இந்த இடைவெளியில் கணக்கிலிருந்து எடுத்து வேறு கணக்கில் போட வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்ததைக் காட்டும் சான்று தொடர்பறுந்துவிடும். காப்பீடு இல்லாமல் போவதால் மருத்துவச் செலவு முழுதும் அவர் தலையில் விழும். அதற்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்காமல் மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயர்தான். சொந்த ஊர் வங்கிக் கணக்கு இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிற்கும், திருமணச் சான்றிதழில் மனைவியின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். அனுப்பும் பெயரும் பெறும் பெயரும் வேறுபட்டால் வங்கி பணத்தை நிறுத்தி விளக்கம் கேட்கக்கூடும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வங்கிக் கணக்கின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.

மனைவியோ கணவனோ சார்ந்தவராக வரலாம். அவருக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை, தனியாக 8 லட்சமும் வேண்டியதில்லை. திருமணச் சான்றிதழைத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு, தாய் மொழியில் பெயர்த்து, தாய் வெளியுறவு அமைச்சகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மொழிபெயர்ப்பில் பெயரின் எழுத்துகள் வங்கி, நீட்டிப்புத் தாள்களோடு ஒத்திருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழைய முத்திரைகளைப் புதியதுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், வங்கியிலும் எண்ணைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வங்கிக் கடிதம் பழைய எண்ணோடு வந்து நிற்கும். பாஸ்போர்ட் 8 மாதத்தில் காலாவதியாகிறது என்றால் நீட்டிப்பும் 8 மாதம்தான். அதனால் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள்.

சார்ந்தவரின் அனுமதி முதன்மை விண்ணப்பதாரரின் உயிரோடு கட்டப்பட்டது. அவர் இறந்தால் வங்கிக் கணக்கு முடங்கும், நீதிமன்ற ஆணை வரும் வரை பணம் வராது, மனைவி தங்குவதற்கான அடிப்படையும் போய்விடும். இருவரும் 50-ஐத் தாண்டியிருந்து பணமும் இருந்தால், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு நீட்டிப்பு என்று பிரித்துவிடுங்கள். முடியாதென்றால், மனைவி பெயரில் தனியாக ஆறு மாதச் செலவுக்காவது பணமும், தாய்லாந்துச் சொத்துகளுக்கென ஓர் உயிலும் எழுதி வையுங்கள்.

---

பணத்தைத் தாங்களே கணக்கில் போட்டுக் காட்டி நீட்டிப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டுகளிடம் போகாதீர்கள். அனுமதி வந்த மறுவாரமே அந்தப் பணம் கணக்கிலிருந்து வெளியேறும். மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கோடு வரச் சொல்லும் அலுவலகமாக இருந்தால் அன்றே மாட்டிக்கொள்வீர்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு 12 மாத ஸ்டேட்மென்ட் கேட்கும்போது.